டச் போனும் ரீசார்ஜும்: முதல் தடவை வாங்குகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ரீசார்ஜும் செல்போன் சர்வீஸும் பார்க்கிற சின்னக் கடை எங்களுடையது. பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு மாறுகிறவர்கள், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கிற பிள்ளைகள், பன்னிரண்டாவது முடித்த மருமகனைக் கூட்டிக்கொண்டு வருகிற மாமாக்கள் என்று பலரும் வருகிறார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். விலையும் பேக் ரேட்டும் அடிக்கடி மாறுவதால் மாடல் பெயர் எதுவும் இதில் கிடையாது.

அண்ணாச்சி, நல்ல போனா ஒண்ணு சொல்லுங்க.

முதலில் வீட்டில் எந்த டவர் எடுக்கிறது என்று சொல்லுங்கள். போனை அப்புறம் பார்க்கலாம்.

எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ பெரிய கடைக்குப் போய், பளபளவென்று ஒரு போனை எடுத்து, கடைக்காரர் கொடுத்த சிம்மைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வருவார்கள். வந்த பிறகுதான் தெரியும், வீட்டுக்குள் பேச்சே கேட்காது என்று. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு போன்ற மலையடிவார ஊர்களில் டவர் தெருவுக்குத் தெரு மாறும். மேற்குத் தெருவில் நன்றாக எடுப்பது கீழத் தெருவில் எடுக்காது. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரும் கனம். தார்சாவில் நாலு கோடு காட்டுகிற டவர், பட்டாசாலையைத் தாண்டி அடுக்களைக்குப் போனால் ஒரு கோடாகிவிடும். ஆச்சி நாள் பூராவும் இருப்பது அடுக்களையில்தானே?

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர்களிடமோ வேறு வேறு கம்பெனி சிம் இருக்கும் போன்களை வாங்கி, உங்கள் வீட்டில் போன் அதிகம் புழங்கப்போகிற இடத்தில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு வீடியோவையும் ஓடவிட்டுப் பாருங்கள். தெருவே போனில் இருக்கிற நேரம் அது. அப்போது சுற்றாமல் ஓடினால் அந்த டவரை நம்பலாம். கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதி கொண்டுவந்தது. ஊர் வாரியாக ஒரு கணக்குக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் அடுக்களை தெரியாது.

இருக்கிற பட்டன் போனே போதாதா?

பேச மட்டும்தான் என்றால் போதும். யாராவது கேலி செய்கிறார்கள் என்பதற்காக மாற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அவர்களுக்கு 2ஜி, 3ஜி டவரே கிடையாது. ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவின் 'வி'யிலும் பேசலாம். பணம் அனுப்பக்கூட பட்டன் போனில் வழி இருக்கிறது. யுபிஐ 123பே என்று 2022 மார்ச்சில் வந்தது; ஒரு எண்ணுக்கு கால் செய்து, சொல்வதைக் கேட்டு எண்களை அழுத்தினால் வேலை முடிந்துவிடும்.

டச் போன் உண்மையிலேயே தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றி ஓய்வு பெற்று பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். காலமெல்லாம் இலையும் தூளும் தேய்த்த விரலில் ரேகை பிடிக்காமல், மெஷினில் திரும்பத் திரும்ப வைத்து எடுத்துத் தவித்துப்போவார்கள். இப்போது ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுத்துவிடலாம். அதற்கு ஆண்ட்ராய்டு போனும் சுமாரான கேமராவும் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகனை வீடியோவில் பார்க்க வேண்டும், பேத்தியின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் இருக்க வேண்டும் என்றாலும் டச் போன்தான்.

எவ்வளவு ரூபாய்க்குள் எடுக்கலாம்?

ரீசார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு ரீசார்ஜ் 300 ரூபாய், 28 நாள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை வராது, பதின்மூன்று தடவை வரும். ஆக 3,900 ரூபாய். போனை மூன்று வருஷம் வைத்திருந்தால் 11,700. பல வீடுகளில் போன் விலையைவிட இது அதிகம். கடையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிறவர்கள், ரீசார்ஜ் என்று வந்ததும் "பிள்ளைகள் போடுகிறதையே எனக்கும் போட்டுவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போனைப் பொறுத்தவரை, அந்தந்த நேரத்தில் கடையில் இருப்பதிலேயே ஆக மலிவானதை விட்டுவிட்டு, அதற்கு ஒரு படி மேலே உள்ளதை எடுப்பதுதான் என் வழக்கம். ஆக மலிவானது ஆறு மாதத்தில் திணற ஆரம்பிக்கும். போன் புதியவருக்குப் புதிது என்பதால், திணறுவது போன் என்று அவருக்குத் தெரியாது. தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுவார்.

டப்பாவில் என்னென்னவோ போட்டிருக்கே, எதைப் பார்க்கணும்?

போன் திணறாமல் ஓட உதவுகிற ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது, 6 இருந்தால் நிம்மதி. "4+4" என்று போட்டு 8 ஜிபி என்பார்கள். முன்னால் இருக்கிற 4 மட்டும்தான் நிஜ ரேம். பின்னால் வருவது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ஸ்டோரேஜ் 128 ஜிபி எடுங்கள். குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் 64ஐச் சீக்கிரமே நிரப்பிவிடும். பேட்டரி 5000 எம்ஏஎச் இப்போது சாதாரணமாகவே வருகிறது.

ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன், எத்தனை வருஷத்துக்கு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். பழைய வெர்ஷனில் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். 50 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

டப்பாவில் எழுதாத விஷயங்கள்தான் முக்கியம். போனைக் கையில் வாங்கி கடை வாசலுக்கு வந்து, வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். வயலிலும் சந்தையிலும் நிற்கிறவருக்குத் திரை இருட்டாகத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? பஸ் போகும்போது ஸ்பீக்கரில் ஒரு கால் பேசிக் கேளுங்கள். வாங்கப்போகிறவர் கையிலேயே கொடுத்து, ஒரு கையில் பிடிக்க முடிகிறதா, எடை அதிகமா என்று பாருங்கள். பீடி சுற்றுகிறவர்கள், கொத்து வேலை பார்க்கிறவர்கள் விரல் ரேகைப் பூட்டை அங்கேயே போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் நம்பர் பூட்டு போட்டுக்கொள்ளலாம்.

சார்ஜர் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று கேட்க மறக்க வேண்டாம்; இப்போது பல போன்களில் வயர் மட்டும்தான் வருகிறது. இரண்டு சிம்மும் மெமரி கார்டும் சேர்ந்து போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். டெம்பர் கிளாஸும் பவுச்சும் அங்கேயே போட்டுவிடுங்கள். டிஸ்ப்ளே போனால் மாற்றுகிற செலவு என்ன என்று சர்வீஸ் பார்க்கிற எனக்குத் தெரியும்.

5ஜி வேணுமா, 4ஜி போதுமா?

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1 அன்று. உங்கள் தெருவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றால் 5ஜி எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் அந்தக் காசுக்கு ரேம் கூடுதலான 4ஜி போன் மேல். 5ஜி போனில் 4ஜியும் எடுக்கும், அதனால் வீணாகப் போகாது. பிஎஸ்என்எல் தன் 4ஜியை நாடு முழுக்க 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைத்தது. முன்பு ஒதுக்கி வைத்தவர்கள் மறுபடி ஒருமுறை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்.

எந்த பேக் போடட்டும்? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு?

ஒன்று போல இருக்காது. யார், எதற்கு, எப்போது கையில் காசு வரும் என்ற மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேச மட்டும் என்றால் நெட் இல்லாத பேக் கேளுங்கள். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான பேக்கை எல்லாக் கம்பெனியும் தனியாக வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. 84 நாளுக்கு, வருஷத்துக்கு என்று இருக்கிறது. கடைக்காரர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், செயலியிலும் கீழே எங்கோதான் இருக்கும். வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

நெட் வேண்டும் என்றால் எவ்வளவு என்று யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் குரலில் மட்டும் பேசுவதற்கு நெட் ஒன்றும் பெரிதாகப் போகாது. சுமாரான தரத்தில் யூடியூப் ஒரு மணி நேரம் பார்த்தால் அரை ஜிபி போகும், தரம் கூட்டினால் இன்னும் அதிகம். தினமும் சீரியலும் பிரசங்கமும் பார்க்கிற ஆச்சிக்குக் கூட நாளைக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி தாராளம். வீட்டில் வைஃபை இருந்தால் அதுகூட வேண்டாம். அன்றன்றைய அளவு தீர்ந்தால் நெட் நிற்காது, வேகம்தான் நத்தையாகிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டியதும் பழையபடி வரும். அதனால் "நெட் போச்சு" என்று பதறி டாப்-அப் போட வேண்டியதில்லை.

காசு வரும் நேரம் என்றேனே, அதுதான் நம் ஊருக்கு முக்கியம். வாரச் சம்பளம் வாங்குகிற பீடிக்காரம்மாவுக்கு 28 நாள் பேக் தோதாக இருக்கும். மாதச் சம்பளக்காரர் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் போடுகிற பேக்கைக் கேட்கலாம். 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று 2022லேயே விதி வந்துவிட்டது. விவசாயிக்குக் கையில் மொத்தமாகக் காசு புழங்குவது பிசான நெல் அறுத்த பிறகுதான். அந்தச் சமயத்தில் வருஷ பேக் போட்டுவிட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் கவலையில்லை. நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அதுதான் மலிவு. ஒரே ஒரு எச்சரிக்கை: புது டவர் என்றால் முதலில் ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வருஷத்துக்குப் போடுங்கள். நடுவில் மாறினால் மிச்சக் காசு திரும்ப வராது.

ரெண்டாவது சிம் சும்மாதான் கிடக்கு. ஈசி ரீசார்ஜ் போடலைன்னா என்ன ஆகும்?

பேக் முடிந்தால் முதலில் வெளியே பேச முடியாது, கொஞ்ச நாளில் வருகிற காலும் நின்றுபோகும். பிரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் எண்ணையே துண்டிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். அந்த எண்ணில் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் இருந்தால் வம்புதான். ஆகவே வங்கிக்குக் கொடுத்த எண் எதுவோ அதைத்தான் முதல் சிம்மாக வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா கிடப்பதைத் தைரியமாக விட்டுவிடலாம்.

சிம்மை என் பேர்ல வாங்கி அம்மைக்குக் குடுத்திரலாமா?

வேண்டாம். யார் பயன்படுத்துகிறாரோ அவர் பெயரிலேயே வாங்குங்கள். அம்மையைக் கடைக்கு அழைத்து வந்து, ஆதாரைக் காட்டி, அங்கேயே போட்டோ எடுத்தால் முடிந்தது. 2024 ஜனவரியிலிருந்து காகித விண்ணப்பமே கிடையாது.

பிள்ளை பெயரில் சிம் வாங்கிவிட்டு, அந்தப் பிள்ளை துபாய்க்குப் போன பிறகு சிம் பழுதானால் புது சிம் எடுக்க அவர்தான் நேரில் வர வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தக் கதை உண்டு. அதுபோக, ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையது அல்ல" என்று புகார் கொடுத்துவிடுங்கள்.

நம்பர் மாறாம வேற கம்பெனிக்குப் போகணும்.

போர்ட் என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் எண்ணையும் அடித்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு குறியீட்டு எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். நம்மிடம் அது நாலு நாள் செல்லும். அதற்குள் புது கம்பெனி கடைக்கு ஆதாரோடு போங்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சமீபத்தில் சிம் மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

அத்தான் சவூதியிலிருந்து ஒரு போன் கொண்டாந்தாக. அதையே வச்சுக்கிடவா?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வாங்கிய போனுக்கு இங்கே பல கம்பெனிகள் வாரண்டி பார்ப்பதில்லை. சில மாடல்கள் வாங்கிய நாட்டின் சிம்மை முதலில் போட்டுச் சில நிமிடம் பேசினால்தான் திறக்கும். அத்தானிடம் அதைச் செய்துதான் கொண்டுவந்தாரா என்று கேளுங்கள். அவருடைய கூகுள் கணக்கை அவரே நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்த பிறகு பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.

வெளியாளிடம் செகண்ட்ஸ் வாங்குவதானால் இன்னும் ஜாக்கிரதை. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என்று அடித்தால் போனின் அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பில்லிலும் டப்பாவிலும் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சஞ்சார் சாத்தியில் அந்த எண்ணைப் போட்டால் திருட்டுப் போன் என்று முடக்கியதா என்பது தெரியும். பில் இல்லை என்று சொல்கிறவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

தவணையில எடுக்கலாமா? வட்டியே இல்லங்காங்க.

வட்டி இல்லாவிட்டால் பிராசசிங் கட்டணம் இருக்கும். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று எழுதி வாங்குங்கள். தவணை தவறினால் போனையே பூட்டுகிற செயலியைச் சில பைனான்ஸ்காரர்கள் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுபிஐ போட்டா பணம் போயிருமோன்னு பயமா இருக்கு.

பயம் நல்லதுதான், ஆனால் போடாமல் இருக்க வேண்டியதில்லை. பணம் அனுப்பும்போதும் பேலன்ஸ் பார்க்கும்போதும்தான் பின் நம்பர் கேட்கும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் போட்டிருக்கேன், பின் நம்பர் அடிங்க" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

மொத்தச் சேமிப்பும் இருக்கிற கணக்கை யுபிஐயில் சேர்க்காதீர்கள். மகளிர் உரிமைத் தொகை வருகிற மாதிரியான சின்னக் கணக்கு ஒன்றை மட்டும் சேர்த்தால் போதும். போனாலும் கொஞ்சம்தான் போகும். அப்புறம், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் ஏபிகே என்று முடிகிற கோப்பு வந்தால் திறக்கவே கூடாது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் எவனாவது மிரட்டினாலும் நம்பாதீர்கள்; போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நிமிடமே 1930க்கு அடியுங்கள். மறுநாள் வங்கிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

ஆச்சிக்குச் சொல்லிக் குடுத்தா மறுநாளே மறந்துருதா. என்ன செய்ய?

ஆச்சி மேல் தப்பில்லை, முதல் திரையில் நாற்பது படம் இருந்தால் யாருக்குத்தான் நினைவிருக்கும்? மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். முதல் திரையில் கால், வாட்ஸ்அப், யூடியூப், கேமரா, டார்ச் தவிர எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். பூட்டுத் திரையில் விளம்பரப் படம் மாறி மாறி வருகிற வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். வயதானவர்கள் தவறி அழுத்துவது பெரும்பாலும் அங்கேதான். பிள்ளைகளின் எண்ணைப் போட்டோவோடு பதியுங்கள்.

தட்டச்சு சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். விசைப்பலகையில் மைக் இருக்கிறது, தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். நம் ஊர்ப் பேச்சு கொஞ்சம் தடுமாற வைக்கும், இருந்தாலும் யூடியூபில் தேடுவதற்குத் தாராளமாகப் போதும். அதைவிட வாய்ஸ் மெசேஜ் சுலபம். முதல் வாரம் கால் எடுப்பதும் வைப்பதும் மட்டும். அடுத்த வாரம் வாய்ஸ் மெசேஜ். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலாலேயே செய்ய வைக்க வேண்டும். "இங்க குடுங்க" என்று பிடுங்கி நாமே செய்துவிட்டால் ஒருநாளும் வராது.

மழை வெள்ளத்துல கரண்ட் போனா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் கரண்டும் டவரும் சேர்ந்து போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். நல்ல பவர் பேங்க் ஒன்று வாங்கி, ஐப்பசி பிறந்ததும் நிறைத்து வையுங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் இரண்டிலும் ஒரே கம்பெனி சிம் போடாமல் இருப்பது நல்லது. அவசர உதவிக்கு 112. போன் தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். அரிசி டப்பாவுக்குள் போடுவதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஈரத்தோடு சார்ஜ் போடுவதுதான் போனைக் கொல்லும்.

போன் தொலைஞ்சு போனா?

வேறு போனிலிருந்து கம்பெனிக்கு அடித்து சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டு, ஆதாரோடு போய் அதே எண்ணுக்குப் புது சிம் எடுங்கள். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அதனால் ஓடிபியும் வராது, பதற வேண்டாம். புகார் நகலையும் ஐஎம்இஐ எண்ணையும் வைத்து சஞ்சார் சாத்தியில் போனை முடக்கலாம், அதற்குப் பிறகு அதில் எந்த சிம்மைப் போட்டாலும் நெட்வொர்க் எடுக்காது. போன் திரும்பக் கிடைத்தால் அதே இடத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். ஐஎம்இஐ எண் பில்லிலும் டப்பாவிலும்தான் இருக்கும் என்பதால் டப்பாவைப் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாமல் பீரோ மேலேயே வைத்திருங்கள்.